நாலு மாத வண்டியில் இடி: ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்ததும் பட்டதும்

வண்டி வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் திரும்பிய ஒரு வேன் முன்பக்க இடது மூலையில் இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, அது பெரிய நிம்மதி. ஆனாலும் புது வண்டியின் மூலை உள்ளே போய்க் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. அங்கேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

சர்வீஸ் அட்வைசர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பத்தே நிமிடத்தில் எஸ்டிமேட் போட்டார். பம்பரைச் சூடு காட்டி நிமிர்த்தலாம், ஃபெண்டருக்கு (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) டிங்கரிங், அதாவது தட்டி நிமிர்த்துவது, அப்புறம் பெயின்ட், மூன்று நாளில் முடிந்துவிடும் என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. நாம் பம்பர் என்று வெளியே பார்ப்பது பிளாஸ்டிக் உறை மட்டும்தான். அதற்குப் பின்னால் அடியை வாங்கிக்கொள்ள நுரை போன்ற ஒரு அடுக்கு, அதற்கும் பின்னால் உலோகப் பட்டை என்று பல வண்டிகளில் இருக்கும். பிளாஸ்டிக் ஓரளவு தானே பழைய வடிவத்துக்கு வந்துவிடும், உள்ளே உடைந்தது அப்படியேதான் கிடக்கும். "கழற்றிப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் போடுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லி நின்றேன்.

நின்றது நல்லதாகப் போயிற்று. நுரை இரண்டாகப் பிளந்திருந்தது. ஹெட்லைட்டின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அதைப் பிடித்திருக்கும் காதுகளில் இரண்டு முறிந்து, விளக்கு ஒற்றைக் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. ரேடார் உட்காரும் பிராக்கெட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் வசதி இந்த ரேடாரை நம்பித்தான் இருக்கிறது, அதன் கோணம் கொஞ்சம் தப்பினாலும் தூரத்தில் வரும் வண்டியைத் தவறாகக் கணக்குப் போடும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வேலை தொடங்கும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரிடம் காட்டி, கூடுதல் எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் வாங்கினோம். வேலை முடிந்த பிறகு கேட்டிருந்தால் இழுபறிதான்.

இந்த ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே இருந்த வயதான டிங்கர். ஃபெண்டர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மடிப்பு ஓரத்தில் விழுந்திருக்கு தம்பி, தட்டினா தகடு இழுபட்டுப் போயிடும், அப்புறம் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வச்சுத்தான் மறைக்கணும், புதுசே போட்டுக்குங்க" என்றார். முன் ஃபெண்டர் பெரும்பாலான கார்களில் போல்ட் போட்டு மாட்டுவதுதான், வெட்டவோ வெல்டிங் வைக்கவோ தேவையில்லை. பின்பக்கத் தகடாக இருந்தால் கதையே வேறு, அது பாடியோடு வெல்டிங் செய்தது. அவர் சொன்னதைக் கேட்டு புது ஃபெண்டருக்கே போனேன். கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி இன்று மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறது, வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

பெயின்டில்தான் சொதப்பினார்கள். மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் டெலிவரி கொடுத்தார்கள், நன்றாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் ஃபெண்டர் ஒரு சாம்பல், கதவு ஒரு சாம்பல். மெட்டாலிக் நிறத்தில் உள்ள உலோகத் துகள் எப்படிப் படிகிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு கோணத்திலும் நிறம் மாறித் தெரியும். அதனால் ஃபெண்டரோடு நிறுத்தாமல் பக்கத்துக் கதவிலும் கொஞ்ச தூரம் நிறத்தைக் கரைத்து அடித்து, கதவு முழுவதும் கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) கொடுக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. பம்பர் ஓரத்தில் டேப் ஒட்டிய கோடு நகத்தில் தட்டுப்பட்டது, கிளியர் கோட்டுக்குள் தூசி வேறு. இவ்வளவு பெரிய இடத்தில் இதைப் பகலில் ஒருமுறை வெளியே நிறுத்திப் பார்க்காமல் கொடுத்தது எனக்குக் கோபம்தான்.

திருப்பிக் கொண்டுபோனேன். மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டார்கள், அதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த முறை தனித் தகட்டில் நிறத்தை அடித்து வெயிலில் கதவோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். நாலு நாள் கூடுதலாக ஆனது. பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரை நண்பரிடம் வாங்கிக்கொண்டு போனேன். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், பட்டி வைத்த இடம் பல நூறு காட்டிக்கொடுத்துவிடும். புது ஃபெண்டர் 160 காட்டியது, திருப்தி.

ரேடாரின் கோணத்தைச் சரிபார்த்து அமைத்ததற்கான கேலிப்ரேஷன் ரிப்போர்ட்டும் வீல் அலைன்மென்ட் தாளும் கேட்ட பிறகுதான் கையில் வந்தன. அவை இல்லாமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு வாக்ஸ், பாலிஷ் எதுவும் வேண்டாம் என்று பெயின்டர் சொல்லியிருக்கிறார், அதுவரை வெறும் தண்ணீரில்தான் கழுவிக்கொண்டிருக்கிறேன்.