பிரிக்பீல்ட்ஸ் பைத்தான் வகுப்பு: ஒருவர் நிரலை மற்றவர் படித்துத் திருத்தும் முறை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியின் தொடக்கநிலை வகுப்பொன்றில் படிவம் நான்கு மாணவியான என் மகள் பயில்கிறாள். அங்கே ஒருவர் எழுதிய நிரலை ஆசிரியர் பார்ப்பதற்கு முன்பே சக மாணவர் ஒருவர் படித்துக் கருத்து எழுதிவிட வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976ஆம் ஆண்டிலேயே, நிரலைக் குழுவாக அமர்ந்து படித்துப் பிழை காணும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். அதைத் தொடக்க மாணவர்களிடம் கொண்டுவந்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

"நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் ஏற்பதில்லை. எந்த வரியில் சிக்கல், எந்த உள்ளீட்டுக்கு நிரல் தடுமாறும் என்று குறிப்பிட வேண்டும். மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிடும் நிரல், பட்டியலில் எதுவுமே இல்லாதபோது சுழியத்தால் வகுக்க முயன்று நின்றுவிடும் என்பதை என் மகள் முதலில் கண்டுகொண்டது தோழியின் நிரலில்தான். அதன் பிறகே தன்னுடைய நிரலையும் அந்தக் கண்ணோடு படித்தாள்.

தொடக்கத்தில் இளைய மாணவர்கள், தாங்கள் அக்கா, அண்ணன் என்று அழைப்பவர்களின் பிழையைச் சுட்டிக்காட்டக் கூச்சப்பட்டார்கள். பெயர்களை மறைத்து நிரல்களை மாற்றிக் கொடுக்கும் வழக்கத்தை ஆசிரியர் கொண்டுவந்ததும் கருத்துகள் தயக்கமின்றி வந்தன. நம் பிள்ளைகளை அறிந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. இரண்டு எண்கள் சமமா என்று பார்க்க இரட்டைச் சமக்குறியைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில், 'இஸ்' (is) என்ற சொல்லைப் போடலாம் என ஒரு மாணவர் பரிந்துரைக்க, மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். அந்தச் சொல் மதிப்புகள் சமமா என்று பார்ப்பதில்லை; இரண்டும் நினைவகத்தில் இருக்கும் ஒரே பொருள்தானா என்றே பார்க்கும். வழக்கமாக நாம் பயன்படுத்தும் பைத்தான், -5 முதல் 256 வரையிலான முழு எண்களை முன்கூட்டியே நினைவகத்தில் வைத்திருப்பதால், சிறிய எண்களைக் கொடுத்துப் பார்த்தபோது விடை சரியாகவே வந்தது. பயனர் 300 என்று இருமுறை உள்ளிட்டதும் இரண்டும் வேறு என்றது நிரல். கருத்துகளை ஆசிரியர் மறுவாரமே படிப்பதால், அதுவரை அந்தத் தவறான பழக்கம் பல நிரல்களில் ஏறிவிட்டது.

முறை நல்லது, என் மகள் தொடர்ந்து பயில்வாள். பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், மாணவர்களின் கருத்துகளை அன்றைக்கே படித்துச் சரிபார்க்கும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நானும் கேட்டிருக்கிறேன்.