சென்னை, டெல்லி, திருவனந்தபுரம்: ஒரே மளிகைச் சீட்டுக்கு மூன்று பில்

டெல்லியில் ஆறு வருடம் குடித்தனம் நடத்திவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருக்கிறேன். அக்கா திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். எங்கள் போன் பேச்சில் எப்படியும் தேங்காய் விலை வந்துவிடும். மாற்றலாகிப் போகிற தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, எந்த ஊரில் மளிகைச் செலவு குறைவு என்பதைத்தான். உங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். சாம்பார், பொரியல், இட்லி மாவு என்றால் சென்னைதான் மலிவு, அடுத்தது திருவனந்தபுரம், கடைசியில் டெல்லி. சப்பாத்தி, உருளை, பட்டாணி, கடுகெண்ணெய் என்றால் டெல்லி முதலிடத்துக்கு வந்துவிடும்.

பிஸ்கட், சோப்பு, டீத்தூள் போன்ற பாக்கெட் சாமான்களை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எம்.ஆர்.பி. பெரும்பாலும் எங்கேயும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் நிறுத்து வாங்குகிற பொருளிலும் பாலிலும்தான் இருக்கிறது.

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவின் நீல பாக்கெட் 2021 மே மாதம் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்து 40 ரூபாய்க்கு வந்தது. கேரளத்தில் மில்மாவின் நீல பாக்கெட் 2022 டிசம்பர் உயர்வில் லிட்டர் 52 ஆனது. டெல்லியில் மதர் டெய்ரியின் அதே ரகப் பால் 2025 ஏப்ரல் கடைசியில் 57 ரூபாய். தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு, 40-க்கும் 57-க்கும் உள்ள வித்தியாசமே மாதம் 510 ரூபாய். ஊர் மாறுகிறவர்கள் வீட்டு வாடகையை விசாரிக்கிறார்கள், பால் விலையை விசாரிப்பதில்லை. அதையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

காய்கறியில் தூரம்தான் கணக்கு. உருளைக்கிழங்கின் தலைநகர் ஆக்ரா. அங்கிருந்து டெல்லி ஆசாத்பூர் மண்டிக்கு லாரி ஐந்தாறு மணி நேரத்தில் வந்துவிடும். கோயம்பேட்டுக்கு வர வேண்டுமென்றால் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். டெல்லியில் உருளையை ஐந்து கிலோவாக வாங்குவதுதான் வழக்கம். நான் ஒரு கிலோ கேட்டபோது கடைக்காரர் "வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டார். சின்ன வெங்காயத்துக்கு இந்தக் கதை அப்படியே திரும்பிவிடும். பெரம்பலூரிலும் திண்டுக்கல்லிலும் விளைவதை டெல்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்த் தேட வேண்டும். சென்னையில் ஒரு கிலோவுக்குத் தருகிற காசுக்கு அங்கே அரைக்கிலோ கிடைத்தால் நல்ல நாள். முருங்கைக்காயை அந்த மார்க்கெட்டில் எண்ணித்தான் தருவார்கள். இரண்டு காய் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, மெட்ரோவில் உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

திருவனந்தபுரத்துக்கு நம் காய் ரொம்பவே போகிறது. ஒட்டன்சத்திரத்திலும் பாவூர்சத்திரத்திலும் ஏற்றுகிற லாரிகளைத்தான் அந்த ஊரின் ‘சாலை’ என்கிற மார்க்கெட்டும் எதிர்பார்த்திருக்கிறது. அதனால் அங்கே விலை நம் விலையோடுதான் ஏறி இறங்கும், லாரி வாடகையும் இடையில் ஒரு வியாபாரியின் லாபமும் மட்டும் கூடுதல். ஓணத்துக்கு முந்தைய வாரம் அந்தக் கூடுதல் எங்கேயோ ஏறிப் போய்விடும். அந்த வாரத்தில் அக்கா வீட்டுக்குப் போனால் நான் ஒரு பை காயோடுதான் போவேன்.

தக்காளி மட்டும் யாருக்கும் அடங்காது. கோயம்பேட்டுக்குக் கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் ஒரே ராத்திரியில் வந்து சேரும். டெல்லி மழைக்காலத்தில் இமாசலத் தக்காளியை நம்பி இருக்கும். 2023 ஜூலையில் எல்லா ஊரிலும் கிலோ நூறைத் தாண்டியது. இமாசல வெள்ளத்தால் டெல்லிக்கு அடி இன்னும் பலம். சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சில ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்குத் தந்தார்கள். டெல்லியில் மத்திய அரசின் கூட்டுறவு வேன்கள் 90-ல் ஆரம்பித்து, 80, அப்புறம் 70 என்று ஒரே வாரத்துக்குள் இறக்கின. நான் 80 ரூபாய் நாளில் வரிசையில் நின்றேன். அம்மா போனில் "இங்க அறுபதுதான்" என்றபோது உண்மையாகவே வயிறெரிந்தது.

அரிசி, பருப்புக்கு வருவோம். புழுங்கலரிசி சாப்பிட்டுப் பழகிய வீடு டெல்லியில் கஷ்டப்படும். மூலைக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் பச்சரிசியும் பாஸ்மதியும்தான். இட்லி அரிசிக்கு நம் ஆட்கள் இருக்கும் கரோல் பாக், மயூர் விஹார் பக்கம் போக வேண்டும், விலையும் அதற்கேற்ற மாதிரி. உளுந்து சென்னைக்குச் சாதகம். இறக்குமதி உளுந்து பெரும்பாலும் மியான்மரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்குகிறது. கோதுமை மாவுக்கு டெல்லியை மிஞ்ச முடியாது. தெருமுனைச் சக்கியில் (மாவு மில்லில்) கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாமல் பையில் கட்டித் தருவார்கள். அந்த மாவின் வாசனையும் ருசியும் சென்னை பாக்கெட் மாவில் இல்லை. அதற்காகவே நாங்கள் அங்கே ராத்திரிச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றினோம், செலவும் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது.

சென்னையில் மூட்டையாக அரிசி வாங்குபவர்கள் அதன் எடையைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, மாவு, பருப்புக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் போனால் வரி இல்லை. 26 கிலோ மூட்டை கடைக்கு வந்தது அப்படித்தான். ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்த்து ஏமாறாமல் கிலோ விலையைப் போட்டுப் பாருங்கள்.

தேங்காயில் கேரளம் ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பொள்ளாச்சியும் காங்கேயமும் இருக்கும்வரை அப்படிச் சொல்ல முடியாது. கேரளத்துக்குப் போகிற தேங்காயெண்ணெயில் நிறைய காங்கேயத்தில் ஆட்டியது. தவிர, அவர்களுக்கு அது சமையல் எண்ணெய், நமக்குப் பெரும்பாலும் தலைக்கு. 2025-ல் எண்ணெய் விலை எகிறியபோது எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. அக்கா வீட்டில் அப்பளம் பொரிப்பதே நின்றுவிட்டது.

அரசுக் கடையைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். கேரளத்தில் மாவேலி ஸ்டோரில் 13 பொருள்கள் சலுகை விலையில் உண்டு. 2016-லிருந்து மாறாமல் இருந்த அந்த விலையை 2024 பிப்ரவரியில் மாற்றி, சந்தை விலையில் 35 சதவீதம் தள்ளுபடி என்று ஆக்கினார்கள். டெல்லியில் சம்பளக்காரக் குடும்பத்துக்கு ரேஷன் பெரும்பாலும் எட்டாது, எங்களுக்கும் கிடைக்கவில்லை. துவரம்பருப்பு ஏறுகிற மாதங்களில் அங்கே மாதச் செலவில் பெரிய ஓட்டை விழுவது இதனால்தான்.

டெல்லிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அந்த ஊர்ச் சந்தைக்கு ஈடே கிடையாது. பட்டாணி, சிவப்புக் கேரட், காலிஃபிளவர், வெந்தயக் கீரை என்று மலை மலையாகக் குவிந்திருக்கும். வாரச் சந்தையில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போனால் மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு வெயிலில் உட்கார்ந்து பத்து கிலோ பட்டாணி உரித்து ஃப்ரீசரில் வைத்தால் கோடை வரைக்கும் வரும்.

எந்த ஊரில் எது மலிவு என்று சட்டென்று தெரிய, காய்க்காரர் தரும் கொசுறைப் பாருங்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை பையில் விழும். டெல்லியில் கொத்துமல்லியும் நாலு பச்சைமிளகாயும் விழும், "கடி பத்தா" என்று கறிவேப்பிலை கேட்டால் தனியாகக் காசு. அதனால் அங்கே பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்தேன். ஜனவரிக் குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மார்ச்சில்தான் துளிர்க்கும். அந்த இரண்டு மாதமும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.