மார்டர்: பிடிப்பதா, வழியை அடைப்பதா?

ஜெர்மனியில் கூரைக்கடியில் குடியேறும் மார்டரைக் (கீரி போன்ற, பூனையளவு விலங்கு) கூண்டு வைத்துப் பிடிப்பது வேகமான வழியாகத் தோன்றும். ஆனால் அது வேட்டைச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிய அனுமதி இல்லாதவர் பொறி வைக்க முடியாது. பிடித்துத் தொலைவில் விட்டாலும் அதன் மோப்பக் குறிகள் வீட்டிலேயே இருக்கும், எல்லையும் காலியாகி வேறொரு மார்டர் வந்துவிடும். வீட்டை வெள்ளையடித்து அடுத்த வாடகைதாரருக்குக் கொடுத்தது போலத்தான்.

அடைப்பதுதான் நிலைக்கும். மார்டர் நுழையச் சுமார் 5 செ.மீ. இடைவெளி போதும். ஓட்டு விளிம்பு, காற்றுத் துளை, கேபிள் நுழையும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். வழி தெரியாவிட்டால் மாலையில் மாவு தூவுங்கள், காலையில் தடம் காட்டிக்கொடுக்கும். 2 செ.மீ. கண்ணுள்ள துத்தநாகம் பூசிய கம்பிவலையைத் திருகாணியால் இறுக்குங்கள். நுரை அடைப்பு வீண்செலவு, கடித்துப் பிய்த்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது காலத்தில்தான். குட்டிகள் மார்ச், ஏப்ரலில் பிறக்கும். அப்போது அடைத்தால் குட்டிகள் உள்ளே சாகும், தாய் வெளியிலிருந்து கூரையைப் பிய்க்கும். இலையுதிர்காலம் வரை பொறுங்கள். பிறகு துளையில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி, சில இரவுகள் அசையாமல் இருந்தால் அடையுங்கள். கூரையை ஒட்டிய கிளைகளையும் வெட்டி, மழைநீர்க் குழாயில் வழவழப்பான தகட்டைச் சுற்றிவிடுங்கள்.