போனில் பார்த்த வீடா, நடந்து பார்த்த வீடா? உள்ளலங்காரத்துக்கு யோசனை தேடும் இடங்கள்

தக்கலை, மார்த்தாண்டம், கேரள எல்லை தாண்டிப் பாறசாலை வரைக்கும் வீடுகளுக்கு உள்ளலங்கார வேலை செய்து கொடுக்கிறேன். முதல் நாள் போய் உட்கார்ந்ததுமே பெரும்பாலும் ஒரு போன் என் கைக்கு வந்துவிடும். "இதே மாதிரி வேணும்." பின்டரெஸ்ட் என்ற படம் சேர்க்கும் ஆப்பில் எடுத்து வைத்த படம்தான். வெள்ளைச் சுவர், தரையிலிருந்து தட்டு (உட்கூரை) வரைக்கும் கண்ணாடி, சாம்பல் நிற சோபா.

போனை நான் ஒதுக்குவதில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் என்ன பிடிக்கும் என்பதை வாயால் சொல்ல வைப்பது கஷ்டம். இருபது படத்தைத் தள்ளினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறம் முடிவு செய்யவும் இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் ஒரு படத்தைத் தொட்டால் அதன் அண்ணன் தம்பிகளே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று படம் சொல்லாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும், நடுவில் வெயிலும் குறைவில்லை. ஒரு வீட்டில் படத்தில் இருந்தபடியே மேற்குச் சுவரைக் கண்ணாடியாக்கிக் கொடுத்தேன். பங்குனியில் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. இப்போது கனமான திரை ஒன்று பகல் முழுக்க அதை மூடிக்கிடக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் மனசு சங்கடப்படும்.

ஷோரூம் கேட்லாக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொருளையும் விலையையும் தெரிந்துகொள்ளலாம், யோசனை கிடைக்காது.

எனக்கு யோசனை வற்றிப்போனால் நான் போகும் இடம் தக்கலை பக்கத்தில் இருக்கும், பழைய திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனை. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது நமக்கு நல்லதுதான். பளபளக்கும் கறுப்புத் தரையின் குளிர்ச்சி முதலில் உள்ளங்காலில் ஏறும். சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்கிறார்கள். பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், மேலே பார்த்தால் மரத்தட்டில் விதவிதமான பூக்கள் செதுக்கியிருக்கும். எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில்தான் ரொம்ப நேரம் நிற்பேன். மரச்சட்டங்கள் வழியாகவும் நிற அபிரக (மைக்கா) தகடுகள் வழியாகவும் வெளிச்சம் வடிகட்டி உள்ளே வரும். வெளியே நெருப்பாய் வெயில் அடிக்கும்போது உள்ளே சாயங்காலம் போல இருக்கும். ஜன்னல் என்றால் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுவது என்று நினைத்திருந்தேன். அளந்து கொடுப்பதும் ஜன்னல்தான் என்று அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

அரண்மனையை அப்படியே காப்பி அடிப்பது பெரிய தப்பு. மூன்று சென்டு வீட்டில் செதுக்கிய தூணும் இருட்டு மரத்தட்டும் வைத்தால் ரிசார்ட் மாதிரி ஆகிவிடும், பகலிலும் லைட் எரியும். நான் எடுத்துக்கொண்டது இரண்டுதான்: வாசல் படிப்புரைக்குக் கறுப்பு ஆக்சைடு தரை, மேற்கு ஜன்னலுக்குச் சரிந்த மரச்சட்டம்.

திருவனந்தபுரத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியவை இதற்கு நேர் எதிர். செலவைக் குறைக்கப் பிறந்த அழகு. தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் சரிவுப் பாதை, அதை ஒட்டிக் கட்டிவிட்ட மேசையும் பெஞ்சும். தனி ஜன்னலே கிடையாது, சுவர் முழுக்கச் செங்கல் இடைவெளிகள்தான். நாகர்கோவிலில் ரயிலேறினால் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. பட்ஜெட் இறுகிய வீட்டுக்கு அரண்மனையைவிட இதுதான் உதவும். ஒரே குறை: செங்கல் இடைவெளியில் தூசியும் ஒட்டடையும் சேரும். வாரம் ஒருமுறை துடைக்க ஆள் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் நான் இதைச் சொல்வேன்.

கடைசியாக, பழைய மரக்கடை. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் பலகைச் சுவர் வைத்த பழைய நிரைவீடுகளை இடிக்கும்போது கதவும் பலகையும் அங்கே வந்து சேரும். போன வருடம் அயினி மரப் பலகைகள் ஒரு கட்டு பார்த்தேன். ஆணியே இல்லாமல் ஒன்றில் ஒன்று கோத்து நிறுத்திய நிரை. ஓரத்தில் எண்ணெய் விளக்குக் கரி படிந்திருந்தது. கூட வந்த ஆசாரி விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "எத்தன மழைய குடிச்ச மரமாக்கும் மக்ளே, இனி வளையாது" என்றார். கறையான் ஓட்டை இருக்கிறதா என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அந்தக் கரியைத் தேய்க்காமல் அப்படியே அலமாரிக் கதவாக்கினோம். வீட்டுக்கார அக்கா கதவைத் தடவிக்கொண்டே, "எங்க அம்மை வீட்டு அறப்புரை வாசம் அடிக்கி" என்றார். நெல் சேர்த்து வைக்கும் மர அறையைச் சொல்கிறார். எந்தப் படத்திலிருந்தும் நான் இதை யோசித்திருக்க மாட்டேன். ஆனால் நினைத்த நேரத்தில், நினைத்த அளவில் கிடைக்காது. கிடைத்த பலகைக்குத் தக்கபடி அளவை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றால் போனும் பேக்கரும் போதும், மரக்கடைக்குப் பின்னால் அலைய நேரம் இருக்காது. ஆறு மாதம் கையில் இருந்தால் மரக்கடையில் தொடங்குங்கள், படங்களைப் பிறகு பார்க்கலாம். இரண்டு பேருக்குமே அரண்மனைக்கு ஒரு காலைப்பொழுதாவது வேண்டும். திங்கள்கிழமை போய்விடாதீர்கள், அன்று அடைத்திருக்கும்.