கடைக்கு லினக்ஸ்: ஐந்தரை வருடமும் ஒரு பிரிண்டரும்

தேவகோட்டையில் பலகாரக் கடை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "மாப்ள, விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராதாம்ல, என் சிஸ்டத்துல 11 ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. புதுசு வாங்கினா நாப்பதாயிரம் ஆகுமாம். நீ லினக்ஸ்தானே வச்சிருக்க, அதையே போட்டுரலாமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின நாள் காலையில்தான் என் கடையில் ஒன்று நடந்திருந்தது. அந்தக் கோபத்திலேயே "போடாதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஐந்தரை வருடமாக லினக்ஸை, அதாவது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச ஓஎஸ்ஸை, வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது நியாயமில்லை, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

எனக்குக் காரைக்குடி செக்காலையில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, மணிவிழா அழைப்பிதழ், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குக் கார்டு, கோயில் பூச்சொரிதல் நோட்டீஸ், பயோடேட்டா, ஜெராக்ஸ், இதுதான் வேலை. கடையில் மூன்று கம்ப்யூட்டர், இரண்டில் லினக்ஸின் ஒரு வகையான மிண்ட், பின்னறையில் இருக்கும் ஒன்றில் மட்டும் விண்டோஸ். வீட்டில் அம்மாவுக்கு ஒன்று, அதிலும் மிண்ட்தான்.

லினக்ஸ் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. என் தம்பிக்குக் கிடைத்த லேப்டாப்பில் அதை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. நான் மாறியது 2020-இல். அந்த ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது, மார்ச்சில் ஊரடங்கு வந்து கடையைச் சாத்தினோம். எங்கள் கடையில் அதுவரை இருந்ததெல்லாம் காசு கொடுக்காமல் ஏற்றிய திருட்டுப் பிரதிதான், ஓஎஸ்ஸும் சரி, டிசைன் மென்பொருளும் சரி. இந்தத் தொழிலில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. போதாததற்குப் பென்டிரைவ் வைரஸ். ஒரு நாளைக்கு நாற்பது பேர் பென்டிரைவ் கொண்டுவந்து செருகுகிற கடை. ஒருவர் கொண்டுவருகிற வைரஸ் அடுத்தவர் பென்டிரைவில் ஏறி, அவர் போல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, "உங்க கடையில போட்டுத்தான் போச்சு" என்று வந்து நிற்பார். பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அது உண்மை.

அந்த ஆகஸ்டில் மிண்ட் 20 போட்டேன். நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், புதிதாக வாங்கியது ஒரு எஸ்எஸ்டி மட்டும். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஷார்ட்கட் தொல்லை ஒரு தடவைகூட இல்லை. அந்த வகை வைரஸ் விண்டோஸை நம்பி எழுதப்பட்டது, லினக்ஸில் அது வெறும் ஒரு கோப்பாகக் கிடக்கும், நாமே பார்த்து அழித்துவிட்டுக் கொடுக்கலாம். அப்டேட் வந்தால் மூலையில் சின்னதாக ஒரு அடையாளம் காட்டும், நாம் சொல்லும்வரை காத்திருக்கும். முகூர்த்த மாதத்தில் கவுண்டரில் ஆள் நிற்கும்போது அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கடை வைத்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நான் உண்மையில் மனசைப் பறிகொடுத்தது தமிழில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல், அதற்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டு டிடிபி கடைகள் பல இன்னும் அதில்தான் வேலை செய்கின்றன, பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களை வைத்துக்கொண்டு. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, நாங்கள்தான் மாறவில்லை. அந்த எழுத்துருக்களில் தமிழ் என்பது வெறும் படம். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்போம், 'மெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் 'ம'. யூனிகோடில் முதலில் 'ம', அப்புறம்தான் கொம்பு. பழைய கோப்பைப் புதியதாக மாற்றும்போது இந்த இடத்தில்தான் தப்பு வரும், கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

வேறு ஊரில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். இங்கே நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில் ஒரு பெயருக்கு முன்னால் நாலைந்து தலைமுறை இனிஷியல் வரிசையாக நிற்கும். லெ., மெ., பெரி., தெ. என்று பாதிக்குமேல் கொம்பு வைத்த எழுத்துகள். வீட்டுப் பெரியவர்கள் புரூப் பார்க்கும்போது மாப்பிள்ளை பெயரையோ முகூர்த்த நேரத்தையோ முதலில் பார்ப்பதில்லை, இனிஷியலில்தான் விரல் வைப்பார்கள். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, "தம்பி, இந்த 'லெ'-வுக்குப் பக்கத்துல என்ன வட்டம்?" என்று கேட்டார்கள். முப்பத்தேழு பெயர் இருந்த பத்திரிகை, மற்றதெல்லாம் சரி, அந்த ஒன்றுதான் தப்பு.

அழகப்பா இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிற அக்கா மகனிடம் சொன்னேன், உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தான். மிண்டில் பைத்தான் கூடவே வருவதால் தனியாக ஒன்றும் போட வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருடத்துப் பழைய வேலைகளின் எழுத்தையெல்லாம் இப்போது யூனிகோடாக மாற்றி வைத்திருக்கிறேன். "பெரியவளுக்கு அடிச்ச மாதிரியே சின்னவளுக்கும் வேணும்" என்று வந்தால் பெயரைத் தேடினாலே கிடைக்கிறது. பழைய முறையில் தமிழ்ப் பெயரைப் போட்டுத் தேடவே முடியாது, ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு அது தமிழே இல்லை. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற கருவியில் தமிழ்99 விசைப்பலகை தயாராக இருக்கிறது. ஒரே எழுத்தை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். கடைப் பையன் மூன்று வாரத்தில் பழகிவிட்டான்.

வடிவமைப்புக்கு ஆரம்பத்தில் இங்க்ஸ்கேப். தமிழ் அழகாக வரும், ஆனால் சிவகாசிக்கு அனுப்பும் வேலைக்குச் சிஎம்ஒய்கே (அச்சு மையின் நாலு நிற முறை) பிடிஎஃப் கேட்பார்கள், அங்கேதான் இடிக்கும். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் அதைச் செய்யும், ஆனால் அதன் பழைய நிலையான பதிப்பான 1.4-இல் தமிழ் எழுத்து உடையும். 1.5 வரிசையில் அதைச் சரிசெய்தார்கள், 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாகவே வந்துவிட்டது. இப்போது பத்திரிகை வேலையில் முக்கால்வாசி ஸ்கிரைபஸில்தான். விண்டோஸ் டிசைன் மென்பொருளான கோரலின் கோப்பாகவே வேண்டும் என்கிற அச்சகத்துக்கு மட்டும் பின்னறை விண்டோஸ்.

வேர்ட் கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறக்கும், ஆனால் லதா எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பு வந்தால் இங்கே அந்த எழுத்துரு இருக்காது, வேறொன்று வந்து உட்காரும், அகலம் மாறி ஒரு பக்க மனு ஒன்றேகால் பக்கமாகும். காலிப்ரி எழுத்துருவுக்கு அதே அகலத்தில் கார்லிட்டோ இருப்பதால் ஆங்கிலப் பயோடேட்டாவில் இந்தப் பிரச்சினை குறைவு. தமிழ் என்றால் நான் முதலிலேயே "போன்லயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க" என்று கேட்டுவிடுவேன்.

சரி, பிரிண்டருக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது ஊரில் பாதிக் கடைகளில் இருக்கிற சின்னக் கறுப்பு வெள்ளை லேசர். கம்பெனி பெயர் வேண்டாம். லினக்ஸுக்கு அவர்கள் எப்போதோ ஒரு டிரைவர் (பிரிண்டரோடு கம்ப்யூட்டர் பேச உதவுகிற மென்பொருள்) கொடுத்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். இப்போது ஓடுவது யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பிரிண்டர் பேசுகிற மொழியைத் தானாகக் கண்டுபிடித்து எழுதிப் பொதுவில் வைத்தது. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனாலும் ஐந்தரை வருடமாக ஒரே கதை: பிரிண்டர் கால் மணி நேரம் சும்மா இருந்தால் தூங்கப் போய்விடும், எழுப்பி அடிக்கச் சொன்னால் முதல் பக்கம் வரும், இரண்டாவது பக்கம் வராது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கிற கப்ஸ் சேவையை மறுபடி தொடங்க வேண்டும், சில நாள் பிரிண்டரையும் அணைத்துப் போட வேண்டும். அதற்கென்றே முகப்பில் ஒரு ஐகான் செய்து வைத்திருக்கிறேன், பையன் ஒரு நாளைக்கு இருபது தடவை அதை அழுத்துகிறான். கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். மிண்ட் 22-க்கு மாறியபோது மற்ற எல்லாம் ஒரு மதியத்தில் முடிந்தது, பிரிண்டருக்கு மட்டும் இரண்டு நாள்.

அன்று காலை ஐந்தே முக்காலுக்குக் கடைக் கதவைத் தட்டினார்கள். கோட்டையூர்க்காரர், அவருடைய அப்பா ராத்திரி இறந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டிலும் தெருவிலும் ஒட்ட அஞ்சலி நோட்டீஸ், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க விவரத் தாள் ஒன்று. போட்டோ வைத்து, பெயர் வைத்து, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். அடிக்கக் கொடுத்தேன், முதல் தாள் வந்தது, நின்றுவிட்டது. ஐகானை அழுத்தினேன். அணைத்துப் போட்டேன். மறுபடி ஒரு தாள், மறுபடி நின்றது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போய், ரிப்பேருக்குக் கொடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதி அடித்த அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "எங்கயாவது போட்டுக் குடுங்கண்ணே, ஐஸ் பெட்டி வர்றதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்" என்றார். பென்டிரைவை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளி இருக்கும் ஜெராக்ஸ்காரரை எழுப்பினேன். அவரிடமும் அதே பிரிண்டர், விண்டோஸ். நூறு தாளும் நிற்காமல் வந்தது.

தப்பு பிரிண்டர் கம்பெனி மேல், எனக்குத் தெரியும். லினக்ஸ்காரர்கள் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறார்கள். இப்போது வருகிற வைஃபை பிரிண்டர்களில் ஏர்பிரிண்ட் இருந்தால் டிரைவரே போடாமல் லினக்ஸில் ஓடுகிறது, அம்மா வீட்டில் இருப்பது அப்படித்தான், மூன்று வருடமாக ஒரு தொந்தரவு இல்லை. சிங்கப்பூரில் இருக்கிற பேரப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறார்கள், போட்டோ அடிக்கிறார்கள், எனக்குப் போன் வருவதே இல்லை. ஆனால் அப்பாவை இழந்து நிற்கிறவரிடம் டிரைவர் கதையைச் சொல்ல முடியுமா? கடை என் கடை, நின்றது என் வேலை.

அன்று சாயங்காலம் விண்டோஸ் கம்ப்யூட்டர் ரிப்பேராகி வந்ததும் பிரிண்டர் கேபிளைப் பிடுங்கி அதில் மாட்டிவிட்டேன். இப்போது லினக்ஸில் செய்து, பிடிஎஃப் ஆக்கி, பின்னறைக்குப் போய் அடிக்கிறோம்.

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான் மாப்ள. வீட்டுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடு. கடைக்குப் போடாதே. உன் கணக்கு டேலியில் இருக்கிறது, அது லினக்ஸில் நேராக ஓடாது. உன் ஆடிட்டர் கேட்கிற ஜிஎஸ்டி ஆஃப்லைன் கருவியும் விண்டோஸுக்கு மட்டும்தான். உன் கம்ப்யூட்டர் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல்தான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும், அதில் உன்னிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே வாங்க வேண்டும் என்கிற அவசரமும் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தாலும், வீட்டு உபயோகக் கணக்கில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

எனக்கு வைரஸ் இல்லை, திருட்டுப் பிரதி உறுத்தல் இல்லை, பதினைந்து வருடத்துத் தமிழ் தேடினால் கிடைக்கிறது, நான் திரும்பிப் போக மாட்டேன். அதெல்லாம் உண்மை. ஆனாலும் உனக்கு இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மனசு கேட்கவில்லை என்றால் ஒன்று செய். மிண்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன், அதிலிருந்தே ஓடும், உன் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. பில் பிரிண்டர், பெரிய பிரிண்டர் இரண்டையும் மாட்டி ஒரு தாள் அடித்துப் பார். அப்புறம் அரை மணி நேரம் சும்மா விடு, தூங்கட்டும். எழுப்பி இரண்டு பக்கக் கோப்பு ஒன்று கொடு. இரண்டாவது பக்கமும் வந்தால் எனக்குப் போன் பண்ணு, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பேசுவோம்.