விம்பிள்டன் கியூவில் இடம் பிடித்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்

லண்டனில் நடக்கும் விம்பிள்டன் டென்னிஸுக்கு, ஆட்டம் நடக்கும் அன்றைக்கே கியூவில், அதாவது வரிசையில் நின்று டிக்கெட் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் நிற்க முடியாது. எங்களிடம் பணம் வாங்கியவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை.

மச்சான் இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தார். ராத்திரி முழுக்க எங்கள் ஆட்கள் கூடாரம் போட்டு நிற்பார்கள், நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிட்டுக் காலையில் வந்தால் போதும், அங்குள்ள முக்கிய மைதானமான சென்டர் கோர்ட்டில் இடம் உறுதி என்று போட்டிருந்தது. தலைக்கு 90 பவுண்டு, அதில் பாதி முன்பணம். டிக்கெட் விலை தனி. சொன்னபடியே விடிகாலையில் சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷன் வாசலில் ஓர் இளைஞன் வந்து, எண் போட்ட இரண்டு கியூ அட்டைகளைக் கொடுத்து மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வரிசை நிற்கும் பூங்கா எந்தப் பக்கம் என்று கை காட்டிவிட்டுப் போய்விட்டான். அட்டைகள் அசல்தான், அதில் ஏமாற்று இல்லை!

அந்த எண் இருந்த இடத்தைத் தேடிப் போய் நின்றதும், பக்கத்துக் கூடாரத்து அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ராத்திரி இங்கே இருந்தது இவர்கள் இல்லையே என்று வரிசையைக் கவனிக்கும் ஊழியரான ஸ்டூவர்டிடம் சொல்லிவிட்டார். ராத்திரியெல்லாம் புல்தரையில் கிடந்தவருக்கு அந்தக் கோபம் வராதா? ஸ்டூவர்ட் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அட்டைகளை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார். அந்த நிறுவனத்துக்கு போன் போட்டால், அட்டை கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். அப்புறம் எங்கள் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

விதி இதுதான். விம்பிள்டன் பூங்காவில் போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கு ஓர் அட்டை, அன்றைய தேதியும் எண்ணும் போட்டு, இலவசமாகத் தருகிறார்கள். அதைக் கைமாற்றக் கூடாது. சாப்பிட, கழிப்பறைக்குப் போக என்று கொஞ்ச நேரம் விலகலாம், அரை மணிக்கு மேல் போனால் இடம் போய்விடும். சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 மூன்றுக்கும் தலா 500 டிக்கெட் அளவுக்குத்தான் கியூவுக்கு ஒதுக்குகிறார்கள். காலையில் வரிசையின் முன்னால் இருப்பவர்களுக்குக் கையில் பட்டை கட்டிவிடுவார்கள், அது இருந்தால்தான் வாசலில் அந்த டிக்கெட். ஒருவருக்கு ஒன்றுதான். மற்றவர்களுக்கு கிரவுண்ட் பாஸ், அதாவது உள்ளே போய் சிறிய கோர்ட்டுகளில் ஆட்டம் பார்க்கும் சீட்டு.

ஸ்டேஷன் பக்கம் டிக்கெட் டிக்கெட் என்று முணுமுணுத்துக்கொண்டு திரிகிறவர்களிடமும் வாங்காதீர்கள். கிளப்பில் பெரிய தொகை முதலீடு செய்தவர்களுக்குக் கிடைக்கும் டிபெஞ்சர் டிக்கெட்டைத் தவிர வேறெதையும் வெளியே விற்க அனுமதி இல்லை, கண்டுபிடித்தால் அந்த டிக்கெட் செல்லாது.

எங்களுக்குக் கடைசியில் கிரவுண்ட் பாஸ் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டே பெரிய கோர்ட்டுக்குள் போக வழி இருக்கிறது என்று அந்த ஸ்டூவர்ட்தான் சொன்னார். சீக்கிரம் கிளம்புகிறவர்கள் விட்டுப்போகும் டிக்கெட்டுகளைப் பிற்பகல் 3 மணிக்கு மேல் குறைந்த விலைக்கு அங்கேயே மறுபடி விற்கிறார்கள், அந்தப் பணம் தர்மகாரியத்துக்குப் போகிறது. இப்படித்தான் சாயங்காலம் நம்பர் 1 கோர்ட்டில் உட்கார்ந்தோம்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது, இப்போது இறுதிப் போட்டிக்கும் கியூ மூலம் சென்டர் கோர்ட் உறுதி என்கிறார்கள். கடைசி 4 நாட்களுக்கு சென்டர் கோர்ட் டிக்கெட்டைக் கியூவில் விற்பதே கிடையாது.