கீறல் விழுந்த யமஹா கிட்டார், 4,800 ரூபாய்

தர்மபுரியில் கதவு, கட்டில், பூஜை அலமாரிக்கு பாலிஷ் போடுவது என் தொழில். 22 வருஷமாக இதே வேலை. கிட்டார் வாசிக்கத் தெரியாது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகப் பழைய கிட்டார் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். மரத்தையும் மேல்பூச்சையும் பார்த்துப் பழகிய கண் அதில் ரொம்ப உதவியது. ஒரு இடத்தில் அதே கண் தப்பான பக்கம் இழுக்கவும் செய்தது. பிள்ளைகளுக்குப் பழைய கிட்டார் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கடைசியில் வாங்கியது யமஹா எஃப்310. கடையில் புதிதாக விசாரித்தபோது பையோடு சேர்த்து 10,000 ரூபாயை நெருங்கியது. எங்கள் கையில் இருந்தது 5,000.

முதலில் பார்த்தது இது இல்லை. கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் வேறொரு கிட்டார் பார்த்தோம். கண்ணாடி மாதிரி மின்னியது. 5,500 சொன்னார்கள். "அப்பா, இதையே எடுத்துக்கலாம்" என்றாள் மகள். எனக்கும் மனசு அங்கேதான் போனது. பளபளப்பைப் பார்த்து வேலையை மதிப்பது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். ஆனாலும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் எந்தப் பூச்சும் நல்ல பூச்சாகத்தான் தெரியும், சாய்த்துப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

மேல் பலகையில் பிரஷ் ஓடிய தடம் இருந்தது. நடுநடுவே தூசி மாட்டிய சின்னச் சின்னப் புள்ளிகள். ஒலித்துளை ஓரத்தில் லாக்கர், அதாவது வார்னிஷ் மாதிரியான பளபளப்புப் பூச்சு, வழிந்து துளியாகக் காய்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் மீதும் லாக்கர் ஏறியிருந்தது. இந்த மாதிரி கிட்டாரில் பிரிட்ஜை வெறும் மரமாகவே விட்டிருப்பார்கள், உடம்புக்குப் பூச்சு முடிந்த பிறகுதான் அதை ஒட்டுவது வழக்கம். பிரிட்ஜும் உடம்பும் ஒரே பளபளப்பில் இருந்தால் பின்னால் யாரோ பூசியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். எதற்காகப் பூசினார்கள் என்று பிரிட்ஜின் பின் ஓரத்தில் விரலால் தடவினேன். பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கூர்மையான கோடு இல்லை. அங்கே இடைவெளி விட்டிருக்கிறது, அதை லாக்கரால் நிரப்பியிருக்கிறார்கள். அந்த இடத்திலிருந்து கீழே மரத்தின் ரேகையோடு ஒரு விரிசல் போய், பூச்சுக்கு அடியில் மெல்லிசாக உள்வாங்கியிருந்தது. துளையில் மூக்கை வைத்தால் தின்னர் வாடை இன்னும் போகவில்லை.

அலமாரியில் இப்படிச் செய்திருந்தால் மன்னிக்கலாம். அலமாரி நின்ற இடத்தில் நிற்கும். கிட்டாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 70 கிலோ. நன்றாக வளர்ந்த ஒரு ஆள் இரவும் பகலும் அந்தப் பிரிட்ஜில் தொங்குவதற்குச் சமம். அதைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர் கூட இல்லாத பலகையும் கொஞ்சம் பசையும்தான். அந்தப் பலகை அதிர்ந்தால்தான் சத்தம் வரும். அதனால் நாங்கள் கதவுக்குப் போடுவது போல மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் மூன்று கோட், மேலே மெலமைன் என்கிற கெட்டிப் பூச்சு இரண்டு கோட் என்று கிட்டாருக்குப் போட்டால் பலகையின் வாயைக் கட்டியது போல ஆகிவிடும். மகளிடம் இதைச் சொன்னேன். முகம் வாடினாலும் கேட்டுக்கொண்டாள். திரும்பிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஓசூரில் இந்த யமஹா கிடைத்தது. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதால் விற்கிறார். பார்த்தவுடன் மகளுக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் முழுக்க பெல்ட் பக்கிள் உரசிய கோடுகள். கீழ் வளைவில் எதிலோ இடித்து, பூச்சு நகக்கண் அளவு சில்லாகப் பெயர்ந்திருந்தது. துளைக்கு மேல், கை உரசும் இடத்தில் பளபளப்பு மங்கிப் போயிருந்தது.

நான் அதை ரொம்ப நேரம் பார்த்தேன். எல்லாமே கம்பெனி பூச்சின் மேல் விழுந்த காயம், யாரும் எதையும் மறைக்கவில்லை. பெயர்ந்த இடத்தில் பூச்சின் கனத்தைப் பார்க்க முடிந்தது. கெட்டியான பூச்சு, அதனால்தான் நசுங்காமல் சில்லாகப் போயிருக்கிறது. அடியில் மரத்தில் கீறல் இல்லை. நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். பூச்சோடு நிற்கும் கோட்டில் நகம் மாட்டாமல் வழுக்கும், மரம் விரிந்திருந்தால் மாட்டும். எங்கேயும் மாட்டவில்லை.

அப்புறம் பிரிட்ஜ். ஒரு பஸ் டிக்கெட்டை அதன் பின் ஓரத்தில் நுழைத்துப் பார்த்தேன், நான்கு பக்கமும் நுழையவில்லை. செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு, தாங்கு கட்டைகள் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தேன். விரல் முட்டியால் பலகையை அங்கங்கே தட்டினேன். உள்ளே ஏதாவது ஒட்டு விட்டிருந்தால் கிர்ரென்று ஒரு அதிர்வுச் சத்தம் வரும். சுத்தமாக இருந்தது. "என்னண்ணா, டாக்டர் மாதிரி பாக்கறீங்க" என்றார் அந்தத் தம்பி. நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்து நிதானமாகப் பார்க்க விட்டார்.

நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, நேராக இருக்கிறதா என்று பார்ப்பது மரவேலை தெரிந்தவர்களுக்கு எளிது. ரீப்பர் கட்டையின் வளைவு பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நீளவாக்கில் பார்த்தால் போதும். இன்னும் நம்பிக்கை வேண்டுமென்றால், தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) பதினாலாவதிலும் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடம் விடுகிறது என்று பார்க்கலாம். விசிட்டிங் கார்டு கனம் இருந்தால் சரி. இதில் அப்படித்தான் இருந்தது.

பணத்தை முடிவு செய்ய வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். தடித்த கம்பியில் மூன்றரை மில்லிமீட்டர். இது அதிகம், பிள்ளை விரல் வலித்து ஒரு மாதத்தில் விட்டுவிடும். ஆனால் பிரிட்ஜில் கம்பிகள் படுத்திருக்கும் வெள்ளைப் பட்டை, சேடில் என்பார்கள், மேலே நான்கு மில்லிமீட்டருக்குத் தெரிந்தது. அப்படியானால் அதைத் தேய்த்து இறக்க இடம் இருக்கிறது. கம்பி உயரமாக இருந்து, சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு பிரிட்ஜாகப் படிந்திருந்தால், நெக்கையே கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டியிருக்கும். இந்த விலைக் கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டாது, அதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கம்பியை முறுக்கும் டியூனிங் கீகளில் ஒன்று கொஞ்சம் லூஸ், ஸ்க்ரூவை முடுக்கினால் சரி. முதல் மூன்று ஃப்ரெட்டில் மெல்லிய கம்பிகளுக்கு அடியில் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. பள்ளத்தைக் காட்டி 5,500 சொன்னதை 4,800க்குக் கேட்டேன், கொடுத்தார். கீறலைக் காட்டி ஒரு ரூபாய் கூடக் குறைக்கச் சொல்லவில்லை. கீறல் சத்தத்தைக் கெடுக்காது, ஃப்ரெட் பள்ளம் கெடுக்கும்.

ஓசூர் குளுகுளு ஊர். அங்கே இருந்த மரம் பங்குனி வெயிலில் தர்மபுரிக்கு வருகிறது. அதை நினைத்து பஸ்ஸில் ஜன்னல் வெயில் படாத பக்கம் உட்கார்ந்தோம். சூளகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம் என்று வழி முழுக்க மகள் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விடவே கூடாது. பிரிட்ஜ் பசை அந்தச் சூட்டில் இளகி, கம்பி இழுவையில் எழும்பிவிடும்.

வீட்டில் சேடிலைக் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பக்கத்தை மட்டும் தேய்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, நாலு தடவை போட்டுப் பார்த்து, 2.6க்குக் கொண்டுவந்தேன். புதுக் கம்பி ஒரு செட் 550 ரூபாய். விரல் பலகை ஈட்டி மரம், நம் கட்டில்களில் வருகிற அதே ஜாதி. அதில் வார்னிஷ் கிடையாது, போடவும் கூடாது. ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, உடனே உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினேன். மறுநாள், ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் கார்டை மகள் முதல் தடவையாகச் சுத்தமாகப் பிடித்தாள்.

குறை சொல்ல வேண்டுமானால், இதன் மேல் பலகை ஒற்றை மரம் இல்லை. ஸ்புரூஸ் மரத்தை அடுக்கி ஒட்டியது. துளையின் ஓரத்தைப் பார்த்தால் பிளைவுட் போல அடுக்கு தெரியும். ஒற்றைப் பலகையாக இருந்தால் மேலே தெரியும் ரேகை அப்படியே மடிந்து விளிம்பில் இறங்கும். அதனால் அடித்தொண்டை கொஞ்சம் குறைவு, ஆறாவது கம்பியில் கனம் பத்தவில்லை என்று மகளின் வாத்தியாரும் சொன்னார். ஆனால் அடுக்குப் பலகை நம் ஊர் வறட்சிக்கு அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. கம்பியின் நீளமும் 634 மில்லிமீட்டர், பல கிட்டார்களில் வரும் 650ஐ விடக் குறைவு, சின்னக் கைக்கு நல்லது. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இந்தக் காசுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. சித்திரை வெயிலில் நெக் ஓரத்தைத் தடவினால் ஃப்ரெட் நுனிகள் லேசாகக் கையில் தட்டுகின்றன. மரம் சுருங்குகிறது, ஃப்ரெட் உலோகம் சுருங்கவில்லை. ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்து, பைக்குள் கிட்டாரோடு போட்டு மூடி வைக்கிறோம். மூன்று நாளுக்கு ஒருமுறை நனைப்பது மகள் பொறுப்பு.

"நீங்கதான் பாலிஷ் போடுவீங்களே, அந்தக் கீறலை மட்டும் சரி பண்ணுங்கப்பா" என்று போன வாரம் கேட்டாள். சில்லு பெயர்ந்த இடத்தில் மட்டும், ஓரம் மேலும் பெயராமல் இருக்க, தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு விட்டு மட்டம் செய்து கொடுத்தேன். மற்றதைத் தொடவில்லை.